மிச்ச பீரை வாலையில் ஏற்றியபோது

2020 மார்ச் கடைசியில் நியூசிலாந்து முழுவதும் வீட்டுக்குள் அடங்கியபோது ஆக்லாந்து சூப்பர் மார்க்கெட்டுகளில் முதலில் காலியானது மாவு, அடுத்தது ஈஸ்ட். ரொட்டி சுடும் ஆர்வம் எனக்கில்லை. நண்பர் ஒருவர் ஊரைவிட்டுப் போகும்போது கொடுத்துப் போயிருந்த 23 லிட்டர் ஃபெர்மென்டர், பீரை நொதிக்கவைக்கும் வாளி, ஒன்று கராஜ் மூலையில் கிடந்தது. அதைக் கழுவி பீர் போட ஆரம்பித்தேன். ஊரடங்கு முடிந்தது, பீர் போடுவது நிற்கவில்லை. மழைக்காலம் முடியும்போது கராஜில் யாரும் குடிக்காத 46 லிட்டர் பீர் சேர்ந்திருந்தது. 20 லிட்டர் ஸ்டவுட் என்ற கறுப்பு பீர், தண்ணியாக, ஆறிப்போன காப்பி மாதிரி. மிச்சம் 26 லிட்டர், பல தடவை போட்டதில் தேங்கிய வெளிர் ஏல்கள்: நுரை வராதது, பாதி நிரம்பிய பாட்டில், கெக் என்ற பீர் உருளையின் அடியில் நின்றது. கெட்டுப்போகவில்லை, சுவாரசியம் இல்லை, அவ்வளவுதான்.

"ஒண்ணு குடிங்க, இல்ல கொட்டுங்க. காரை எத்தனை நாளைக்கு ரோட்டுல நிறுத்துறது?" என்றாள் மனைவி.

மூன்றாவதாக ஒரு வழி இருந்தது. காய்ச்சுவது.

இதைப் படித்ததும் ஊரில் இருப்பவர்களுக்கு வயிற்றைக் கலக்கும் என்று தெரியும். அதனால் சட்டத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். நியூசிலாந்தில் 1996-ஆம் ஆண்டின் சுங்கச் சட்டத்திலிருந்து, சொந்த உபயோகத்துக்கு வீட்டில் சாராயம் வடிப்பது குற்றமில்லை. ஒரு பாட்டில் விற்றால் குற்றம். இங்கே வீட்டில் பீர் போடுபவர்களுக்கான ஹோம் ப்ரூ கடைகளில், வடிக்கும் பாத்திரமான வாலையை ஜன்னலோரம் காட்சிக்கே வைத்திருப்பார்கள். ஆனால் பக்கத்து ஆஸ்திரேலியாவில் உரிமம் இல்லாமல் வடிக்க முடியாது. அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் அப்படித்தான். தமிழ்நாட்டில் 1937-ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டம் இதைக் கையோடு பிடித்து உள்ளே வைக்கும். நான் எழுதுவது நான் இருக்கும் இடத்தில் நடந்தது. வேறெங்கேயும் இருந்துகொண்டு இதைச் செய்து பார்க்க வேண்டாம்.

வாலை என்பது நம்முடைய சொல்தான். ஓமத் தீநீர் வடிக்க சித்த மருந்துக்காரர்கள் வைத்திருந்த பாத்திரம். சாராயத்துக்கு வந்தால் ஊரில் அந்தச் சொல் போய் 'பானை' என்றாகிவிடும், உள்ளே ஊற்றுவது 'ஊறல்' ஆகிவிடும். நான் விழுப்புரத்துக்காரன். 'ஊறல் அழிப்பு' என்ற செய்தியைப் பேப்பரில் படித்தே வளர்ந்தவன். ஆக்லாந்தில் பீரைக் காய்ச்சுபவர்கள் 'வாஷ்' என்கிறார்கள். எனக்கு ஊறல் என்று சொன்னால்தான் மனசில் நிற்கிறது.

என்னிடம் இருப்பது 25 லிட்டர் ஸ்டெயின்லெஸ் கொதிகலன். அடியில் 2000 வாட் மின்சூடு, மேலே செம்பு மூடி, அதிலிருந்து இறங்கும் செம்புக் குழாய், குழாயைச் சுற்றிக் குளிர்ந்த தண்ணீர் ஓடும் உறை. கேஸ் அடுப்பை முதலிலேயே வேண்டாம் என்று வைத்துவிட்டேன். ஏன் என்பது எளிது: 40 சதவீதச் சாராயத்தின் ஆவி சாதாரண அறை வெப்பத்தை ஒட்டியே, 26 டிகிரி வாக்கில், தீப்பற்றக்கூடியது. கராஜ் ஷட்டரை முழுக்கத் திறந்து, தீயணைப்புக் கருவியைக் கையெட்டும் தூரத்தில் வைத்து, முதல் சொட்டிலிருந்து கடைசிச் சொட்டு வரை நாற்காலியைவிட்டு எழாமல் உட்காருவேன். போன் வந்தால் எடுப்பதில்லை. பிளாஸ்டிக் எதுவும் சூடான சாராயத்தைத் தொடக் கூடாது. பிடிப்பது கண்ணாடி ஜாடியில். பற்றவைத்த இணைப்பெல்லாம் ஈயமில்லாததா என்று கேட்டு வாங்க வேண்டும். ஆவி வெளியேற எப்போதும் திறந்த வழி இருக்க வேண்டும். மூடியிடுக்கில் ஆவி கசிந்தால் மைதாவைப் பிசைந்து அப்புவேன், வைத்தியர்கள் சீலைமண் கட்டுகிற மாதிரி. மாவு ஒரு நன்மை செய்யும்: உள்ளே அழுத்தம் ஏறினால் முதலில் அதுதான் பிய்த்துக்கொள்ளும்.

இவ்வளவு ஜாக்கிரதைக்காரன் முதல் நாளே செய்த முட்டாள்தனத்தைச் சொல்கிறேன். 46 லிட்டரைத் தொடுவதற்கு முன்னால் சோதனைக்கென்று வண்டலை எடுத்தேன். ஃபெர்மென்டர் அடியில் களியாகப் படியும் ஈஸ்ட், முளைகட்டிய தானியமான மால்ட்டின் புரதம், பீருக்குக் கசப்பு தரும் ஹாப்ஸ் பூவின் துணுக்கு எல்லாம் சேர்ந்த சேறு. ஐந்து தடவை பீர் போட்டதில் சேர்த்து ஃபிரிட்ஜில் வைத்திருந்தேன், 8 லிட்டர் இருக்கும். அதற்குள் பீர் ஊறிக் கிடக்கிறதே, ஏன் விடுவானேன் என்ற கணக்கு. ஜெர்மனியில் ஒயின் வண்டலை வடித்தே ஒரு சாராயம் செய்கிறார்கள், ஜமைக்காவில் ரம்முக்குப் பழைய வாலைக் கழிவையே திரும்பச் சேர்க்கிறார்கள் என்றெல்லாம் படித்து வைத்திருந்தேன். அவர்கள் எப்படிச் சூடேற்றுகிறார்கள் என்பதைப் படிக்கவில்லை.

அரை மணி நேரத்தில் கராஜ் முழுக்க ரேஷன் அரிசிச் சோறு அடிப்பிடித்த வாசம். வந்த சாராயத்திலும் அதே வாசம், கூடவே ரப்பர் எரிந்தது போல ஒன்று. அடியில் படிந்த ஈஸ்ட் நேராகச் சூட்டில் உட்கார்ந்து கருகியிருந்தது. எவ்வளவு தண்ணீர் விட்டாலும் போகாது, திரும்ப வடித்தாலும் போகாது. கொதிகலனைச் சுரண்டிக் கழுவ இரண்டு நாள். அந்தச் சனிக்கிழமைக்குப் பிறகு வண்டலை வாலையில் ஏற்றியதே இல்லை.

சரியாக அந்த நாற்றத்துக்கு நடுவில்தான் எங்கள் தெருக் கோடியில் இருக்கும் யாழ்ப்பாணத்து அண்ணன் வந்து நின்றார். வடமராட்சிக்காரர். திக்கம் வடிசாலை இருக்கும் பக்கம். பனங்கள்ளைக் காய்ச்சுகிற வாசத்தில் பிள்ளைப் பருவத்தைக் கழித்தவர். ஜாடியை வாங்கி முகர்ந்துவிட்டுத் திருப்பித் தந்தார்.

"என்ன கண்டறியாத வேலை பாக்கிறீர் தம்பி? உதை ஊத்திவிடும்."

"அண்ணே, ரெண்டாவது தடவை வடிச்சா சரியாயிடாதா?"

"பழுதைக் காய்ச்சினா பழுதுதான் வரும். அதுவும் இறுகின பழுது. அங்க கள்ளு இறக்கின கையோட காய்ச்சுவினம். புளிச்சுப்போனா வாலைக்குக் கிட்டவும் கொண்டு போகமாட்டினம்."

இத்தனை வருஷம் கழித்து யோசித்தால், நான் கற்றதெல்லாம் இந்த ஒரு வாக்கியத்துக்கு உரை எழுதியதுதான். எல்லாருக்கும் இருக்கும் நினைப்பு, வாலை ஒரு சலவை இயந்திரம் என்பது. அழுக்கைப் போட்டால் வெளுத்து வரும் என்பது. உண்மையில் அது சுண்டவைக்கும் பாத்திரம். ஆவியாகக்கூடிய எதுவும், நல்லதோ கெட்டதோ, பத்து மடங்கு செறிவாக வந்து நிற்கும். ஆவியாகாதது மட்டும்தான் பின்தங்கும்: சர்க்கரை, நிறம், ஹாப்ஸின் கசப்பு.

இந்தப் பாடத்தோடு 46 லிட்டருக்கு வந்தேன். முதலில் குளிரவைத்துத் தெளியவிட்டேன். இரண்டு நாள் 2 டிகிரியில் வைத்தால் மிதக்கும் ஈஸ்ட் எல்லாம் அடியில் அமர்ந்துவிடும். குழாய் போட்டு மேலே உள்ள தெளிவை மட்டும் இறக்கினேன். அடுத்தது காற்றை வெளியேற்றுவது. பீரில் கரைந்திருக்கும் கார்பன் டை ஆக்சைடோடு கொதிகலனில் ஊற்றினால் பால் பொங்குவது போலப் பொங்கி, குழாய் வழியாகப் பழுப்புப் பீர் நேராகச் ஜாடிக்கு வந்துவிடும். ஒரு வாளியிலிருந்து இன்னொரு வாளிக்கு டீக்கடைக்காரர் ஆற்றுகிற மாதிரி நாலைந்து தடவை உயர்த்தி ஊற்றினேன். இரவு திறந்து வைத்தேன். கொதிகலனில் 20 லிட்டருக்கு மேல் ஊற்றவில்லை. நுரை அடக்க ஹோம் ப்ரூ கடையில் விற்கும் சிலிக்கோன் கரைசல் சில சொட்டு. அப்படியும் 80 டிகிரிக்கு மேல் போகும்போது சூட்டைக் குறைத்து, நுரை எழுந்து அடங்கும் வரை காத்திருந்தேன். பீரில் இருக்கும் புரதம் லேசுப்பட்டதில்லை.

கணக்கு எளிதுதான், ஆனால் ஆசைக்கு அது பிடிப்பதில்லை. 5 சதவீத பீர் 20 லிட்டரில் இருப்பது மொத்தமே 1 லிட்டர் ஆல்கஹால். அதை முதல் தடவை அவசரமாக வடித்தால், ஒன்றையும் பிரிக்காமல், 3 லிட்டர் வரும், ஏறத்தாழ 30 சதவீதத்தில். இரண்டு தடவை அப்படிச் செய்தேன். 6 லிட்டர் சேர்ந்தது. கடைசி 6 லிட்டர் பீர் வாலைக்குப் போதாமல் சமையலுக்கும் செடிக்கும் போயிற்று. பிறகு வடித்துச் சேர்த்த 6 லிட்டர் சாராயத்தைக் கொதிகலனில் ஏற்றி, இந்தத் தடவை மெதுவாக, சொட்டு எண்ணும் வேகத்தில் வடித்தேன்.

இங்கேதான் மூக்கு வேலை செய்ய வேண்டும். இங்குள்ளவர்கள் ஹெட்ஸ், ஹார்ட்ஸ், டெய்ல்ஸ் என்பதை நான் முன்வடி, நடுவடி, பின்வடி என்று ஜாடியில் எழுதி ஒட்டினேன். முதலில் வந்த 100 மில்லி நேராகச் சாக்கடைக்கு. அது மூக்கில் ஏறினாலே கண்ணில் தண்ணீர் வரும். அதில் பெரும்பாலும் அசிட்டால்டிஹைடு, எத்தில் அசிட்டேட் மாதிரியானவை. நெயில் பாலிஷ் அழிக்கும் திரவத்தின் வாசம். அடுத்த 300 மில்லியும் முன்வடியாகத் தனியே. பிறகு 200 மில்லி ஜாடிகளை எண் போட்டு வரிசையாக நிரப்பினேன். நடுவில் வாசம் தணிந்து லேசாக ரொட்டி, கொஞ்சம் வறுத்த மால்ட். ஏழாவது ஜாடி முடியும் தறுவாயில் நனைந்த அட்டைப்பெட்டி வாசம் எட்டிப் பார்த்தது. எட்டாவதில் நனைந்த நாய். அதற்கப்புறம் வந்ததெல்லாம் பின்வடி.

அன்றைக்கே ஜாடியைக் கலந்துவிடக் கூடாது என்பதையும் சொல்ல வேண்டும். மேலே துணி போட்டு ஒரு ராத்திரி வைத்து, காலையில் ஒவ்வொன்றிலும் ஒரு ஸ்பூன் எடுத்துச் சமமாகத் தண்ணீர் விட்டு முகர்ந்தேன். ராத்திரி 'இது நல்லா இருக்கு' என்று நினைத்த ஜாடி காலையில் மூக்கைச் சுளிக்கவைக்கும். சாயங்காலம் வரை சாராய வாசத்திலேயே உட்கார்ந்திருந்த மூக்கு நம்பத்தகுந்த மூக்கில்லை. ருசி பார்ப்பதும் காலையில், துப்பிவிட்டு.

கடைசியில் நான் கலந்தது 1.3 லிட்டர், 65 சதவீதத்தில். தண்ணீர் விட்டு 43-க்கு இறக்கியபோது 2 லிட்டருக்குச் சற்றுக் குறைவு. ஆல்கஹால் மீட்டர் 20 டிகிரிக்கு அளவு குறித்தது என்பதால் வாலையிலிருந்து வந்த சூட்டோடு அதில் மிதக்கவிட்டுப் பார்த்தால் ஏமாந்து போவீர்கள். ஆறிய பிறகே அளக்க வேண்டும். சுட்ட ஓக் மரத்துண்டு போட்டு மூன்று மாதம் அலமாரியில் இருந்தது. அந்த ஸ்டவுட்டின் வறுத்த மால்ட் எங்கோ தூரத்தில் சாக்லேட் மாதிரி தெரிந்தது. விஸ்கி என்று மார்தட்ட மாட்டேன், பவேரியாவில் பீரை வடித்து 'பியர்பிராண்ட்' என்று விற்கிறார்களே, அந்தச் சாதி. 40 லிட்டர் பீர், இரண்டு முழு நாள், நிறைய மின்சாரம், இரண்டு லிட்டர் சாராயம். பணத்தை மிச்சம் பிடிக்க இதில் இறங்குகிறவர்கள் இந்த வரியை இன்னொரு தடவை படிக்கலாம்.

ஒரு தடவை நன்றாக வந்துவிட்டால் தலைக்கனம் ஏறும். எனக்கு ஏறியது அடுத்த கோடையில்.

ஒரு ஃபெர்மென்டர் பீர் புளித்துப் போயிருந்தது. மூடியில் விரிசல், உள்ளே காற்று போய் வினிகர் வாடை. கொட்ட மனசு வரவில்லை. அமிலம்தானே பிரச்சினை, காரத்தைப் போட்டால் தீர்ந்தது என்று பள்ளிக்கூட வேதியியல் சொன்னது. கொதிகலனில் ஊற்றிய பிறகு சமையல் சோடாவை ஸ்பூன் ஸ்பூனாகப் போட்டேன்; நுரை நிற்கும் வரை போட்டேன். வாடை குறைந்தது. நானே என் முதுகைத் தட்டிக்கொண்டு சுவிட்சைப் போட்டேன்.

முதல் ஜாடி தெளிவு. இரண்டாவது ஜாடியை வெளிச்சத்தில் தூக்கியபோது ஏதோ கண் கூசுகிறது என்று நினைத்தேன். வெள்ளைக் காகிதத்தைப் பின்னால் பிடித்துப் பார்த்தால் வேட்டி அலசக் கலக்கிய உஜாலாத் தண்ணீர் மாதிரி லேசான நீலம். மூன்றாவது இன்னும் நீலம். முகர்ந்தால் சாராயத்துக்கு அடியில் ஒரு சுருக்கென்ற வாடை, சரியாகத் தண்ணீர் விடாத பஸ் ஸ்டாண்ட் கழிப்பறை வாடை.

அது அம்மோனியா. ஈஸ்டுக்குச் சத்து என்று பீர் போடும்போதே டை அம்மோனியம் பாஸ்பேட் சேர்த்திருந்தேன். பீர் புளிப்பாக இருக்கும்வரை அம்மோனியா உப்பாக அடங்கிக் கிடக்கும். நான் சோடாவைக் கொட்டிக் காரமாக்கியதும் விடுதலை பெற்று ஆவியோடு கிளம்பி, போகிற வழியில் செம்பை அரித்துக்கொண்டு வந்திருக்கிறது. நீலம் செம்பின் நீலம். குடித்தால் செம்பு நஞ்சு. அத்தனையையும் கொட்டினேன். மூடியையும் குழாயையும் சிட்ரிக் அமிலத்தில் ஊறவைத்துக் கழுவினால் உள்ளே செம்பு புதுக்காசு மாதிரி மின்னியது, அவ்வளவு அரித்திருக்கிறது.

அதைவிட எரிச்சல், சோடா போட்டும் எத்தில் அசிட்டேட் வாடை முழுவதும் போகவில்லை. அது 77 டிகிரியில் கொதிப்பது. ஆல்கஹால் 78-ல். இரண்டும் தோளில் கை போட்டுக்கொண்டு வரும்; சின்ன வாலையில் முழுசாகப் பிரிக்க முடியாது. இப்போது என் சட்டம் இது: வினிகர் வாடை லேசாக இருந்தால்கூடக் கொட்டு. வெண்ணெய் வாடை அடிக்கிற பீர், குளோரின் பட்டு டெட்டால் வாடை அடிக்கிற பீர், பூஞ்சை ஏறியது, இவற்றுக்கும் அதே கதி. அந்த வாடை அத்தனையும் ஆவியாகி வரக்கூடியது. கந்தக வாடை மட்டும் விதிவிலக்கு. அழுகிய முட்டை மாதிரி லேசாக இருந்தால் செம்பு அதைப் பிடித்துவைத்துக்கொள்ளும், அதற்குத்தான் செம்பே.

ஹாப்ஸ் விஷயத்தில் ஆளுக்கொரு கருத்து உண்டு. என்னுடையது இது. தெற்குத் தீவில் நெல்சன் பக்கம் விளையும் நெல்சன் சாவின், மோட்டுவேக்கா இரண்டையும் அள்ளிப் போட்ட ஐபிஏ, ஹாப்ஸ் தூக்கலான பீர் வகை, ஒன்று என்னிடம் மிஞ்சியது. ஊறப்போட்ட ஹாப்ஸ் மட்டும் 120 கிராம். கசப்பு வாலையிலேயே தங்கிவிடும் என்பது உண்மை. ஆனால் ஹாப்ஸின் எண்ணெய் ஆவியோடு வரும். வந்த அன்றைக்கு அபாரம்: பப்ளிமாஸ் தோலைக் கிழித்த வாசம். வீட்டுக்கு வந்தவர்களுக்கெல்லாம் முகரக் கொடுத்துப் பெருமைப்பட்டேன். ஆறு வாரத்தில் அந்தப் பழவாசம் இறங்கி, குளியலறை சோப்பு நின்றது. இன்னொரு தடவை செய்துபார்த்தேன், மறுபடி சோப்பு. நிறைய ஹாப்ஸ் போட்ட பீரை வடித்தால் ஒரு மாதத்துக்குள் டானிக் தண்ணீரில் கலந்து தீர்த்துவிடுங்கள். ஓக் போட்டு வருஷக்கணக்கில் வைக்க அது ஆகாது.

பீரின் மிச்சத்தில் வாலைக்கு உண்மையிலேயே ஏற்றது எது என்று கேட்டால் நான் பீரையே சொல்லமாட்டேன். வடிகட்டிய பிறகு வாளியில் கிடக்கும் தானியத்தைச் சொல்வேன். 5 கிலோ மால்ட் ஊறவைத்து இனிப்புச் சாற்றை எடுத்தபின் அதில் இன்னும் சர்க்கரை ஒட்டிக்கொண்டிருக்கும். கறந்த மடியில் இரண்டாம் தடவை கைவைக்கிற மாதிரி. 75 டிகிரித் தண்ணீரை மெல்ல ஊற்றி இன்னொரு 10 லிட்டர் இறக்குவேன். சாற்றின் சர்க்கரையை அடர்த்தியால் அளக்கும் ஹைட்ரோமீட்டரில் (வெறும் தண்ணீர் என்றால் 1.000) 1.020 காட்டினால் அதிர்ஷ்டம். அது பீருக்குப் போதாது. அதில் 1 கிலோ பழுப்புச் சர்க்கரை கரைத்தால் 1.055-ஐ ஒட்டிப் போகும், முழுக்க நொதித்தால் 7 சதவீதம். சர்க்கரை எங்கள் ஊர்ச் செல்சி ஆலையுடையது. ஆக்லாந்துத் துறைமுகக் கரையில் 1884-லிருந்து ஓடுகிறது, அந்த இளஞ்சிவப்புக் கட்டடத்தைப் படகிலிருந்து பார்க்கலாம்.

இதில் ஹாப்ஸ் கிடையாது என்பதுதான் முதல் லாபம். சாற்றைக் கொதிக்கவைப்பதும் இல்லை. 25 டிகிரிக்கு ஆறவைத்து நேராக ஈஸ்ட். கொதிக்காததால் மால்ட்டின் நொதிகளில் தப்பிப் பிழைத்தவை நொதிக்கும்போதும் வேலை செய்து மிச்ச மாவையும் சர்க்கரையாக்கும். ஆனால் கொதிக்காத சாறு தாமதம் பொறுக்காது. ஒரு தடவை 'நாளைக்குப் பார்த்துக்கலாம்' என்று மூடி வைத்தேன், காலையில் தோசை மாவு. அன்றைக்கே ஈஸ்ட் போட வேண்டும்.

ஈஸ்டும் மிச்சம்தான். அன்று காலை பாட்டிலில் அடைத்த பீரின் ஃபெர்மென்டர் அடியிலிருந்து ஒரு டம்ளர் களி. வண்டலை வாலையில் ஏற்றாதே என்று சொன்னேன். ஊறலில் போடாதே என்று சொல்லவில்லை. ஸ்காட்லாந்து விஸ்கிக்காரர்களே நெடுங்காலம் பீர் ஆலைகளில் மிஞ்சிய ஈஸ்டை வாங்கித் தங்கள் ஈஸ்டோடு கலந்து போட்டவர்கள். ஒரு நிபந்தனை: ஹாப்ஸ் குறைவான பீரின் களியாக இருக்க வேண்டும், ஒரு வாரத்துக்குள் எடுத்ததாக இருக்க வேண்டும். சக்கையாகிப்போன தானியம் பக்கத்து வீட்டுக் கோழிகளுக்கு. பதிலுக்கு முட்டை வருகிறது. வாலையையும் சேர்த்து இந்தப் பொழுதுபோக்கில் லாபக் கணக்கில் நிற்பது அந்த முட்டை ஒன்றுதான்.

2024 ஜூனில் ஒரு நாள் காலை அம்மாவிடமிருந்து போன். கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் சாராயம் குடித்து வரிசையாகச் செத்துக்கொண்டிருந்தார்கள். கடைசியில் 60-ஐத் தாண்டியது.

"எப்பா, நீயும் அதைத்தான காய்ச்சுற? நிறுத்திடுப்பா."

நான் காய்ச்சுவது தெரியும் அவளுக்கு. நானே பெருமையாகப் படம் அனுப்பியிருந்தேன். அன்றைக்குப் பதில் சொல்வது கஷ்டமாக இருந்தது. அங்கே செத்தவர்கள் குடித்தது யாரோ தவறாகக் காய்ச்சியதை அல்ல, மெத்தனால் கலந்ததை. அது தொழிற்சாலைச் சரக்கு. வாலை மெத்தனாலை உண்டாக்காது; ஊறலில் இருப்பதைத்தான் எடுத்துத் தரும். பழத்தோலிலும் சதையிலும் இருக்கும் பெக்டின் சிதையும்போது மெத்தனால் வருகிறது. மால்ட்டில் பெக்டின் இல்லாத மாதிரிதான், அதனால் பீரில் அது மிகமிகச் சொற்பம். இதை அம்மாவிடம் எப்படிச் சொல்வது? "கலப்படம்மா அது, நான் கலக்கறதில்ல" என்றேன். "கலக்குறவனும் அப்படித்தான சொல்லியிருப்பான்" என்றாள்.

அதற்கு என்னிடம் பதில் இல்லை. ஆனால் அந்தப் போனுக்குப் பிறகு ஒரு விஷயத்தை ஒழுங்காகப் படித்தேன். 'முதலில் வருவதைக் கொட்டிவிட்டால் மெத்தனால் போய்விடும்' என்று காய்ச்சுபவர்கள் மந்திரம் மாதிரிச் சொல்வார்கள். நானும் நம்பியிருந்தேன். மெத்தனால் தனியாக இருந்தால் 64.7 டிகிரியில் கொதிப்பது நிஜம். தண்ணீரும் ஆல்கஹாலும் கலந்த ஊறலில் அது அப்படி முன்னால் வந்து கைகட்டி நிற்பதில்லை, ஆரம்பம் முதல் கடைசி வரை கொஞ்சம் கொஞ்சமாக வருகிறது. முன்வடியைக் கொட்டுவது நாற்றத்துக்கும் தலைவலிக்கும் நல்லது. மெத்தனாலுக்கு அதுவே காவல் என்று நினைப்பது ஆபத்து. காவல் என்பது ஊறலில் என்ன போகிறது என்று தெரிந்திருப்பது. எங்கிருந்து வந்தது என்று தெரியாத ஸ்பிரிட்டை, வண்ணம் கலந்ததை, 'வடிச்சுச் சுத்தம் பண்ணிடலாம்' என்று வாலையில் ஊற்றுவது கொலை.

இங்கே ஏப்ரல், மே மாதங்களில் ஃபீஜோவாப் பழம் தெருவெங்கும் உதிர்ந்து கிடக்கும். வேண்டுமென்றால் எடுத்துக்கோ என்று வீட்டு வாசலில் பை பையாக வைப்பார்கள். கொய்யாவும் அன்னாசியும் கலந்த வாசம். அதில் ஒயின் போட்டு மிஞ்சியதைச் சாராயமாக்கலாம் என்று ஒரு வருஷம் கை அரித்தது. சதையும் தோலுமாக மிஞ்சிய பிண்டத்தை அண்ணன் சொல்லாமலே எருக்குழியில் போட்டேன். அடிப்பிடிக்கும், பெக்டினும் அதில்தான். தெளிந்த ஒயினை மட்டும் 10 லிட்டர் வடித்தேன். நன்றாகத்தான் வந்தது. அண்ணன் அதைத்தான் முதல்முறையாகத் துப்பாமல் விழுங்கினார். "குறை சொல்ல ஏலாது" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "பனஞ்சாராயம் இல்லைத்தான்" என்றும் சேர்த்தார்.

முன்வடியை இப்போது நான் கொட்டுவதில்லை, முதல் 100 மில்லியைத் தவிர. பாட்டிலில் சேர்த்து, சிவப்பு மார்க்கரில் 'குடிக்கக் கூடாது' என்று தமிழிலும் இங்கிலீஷிலும் எழுதிப் பூட்டிய அலமாரியில் வைத்திருக்கிறேன். அதில் தண்ணீர் கலந்து கண்ணாடி துடைத்தால் ஒரு கோடுகூட விழாது. ஸ்டிக்கர் பசையும் போகும். போன ஞாயிற்றுக்கிழமை வரவேற்பறை ஜன்னலைத் துடைத்துவிட்டு, வெயிலில் தள்ளி நின்று பார்த்துக்கொண்டே மனைவி சொன்னாள்: "நீங்க காய்ச்சினதுல உருப்படியா வந்தது இதுதான். அடுத்த தடவை இதையே கொஞ்சம் அதிகமா எடுங்களேன்."